அரசருக்குச் சளி பிடித்திருக்கிறது

திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பெண்ணின் கைப்பேசி எங்கள் சமையலறையில் ஒலித்தது. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். பல்கலைக்கழகப் பேருந்து ஏழு நாற்பதுக்கு எங்கள் தெருமுனைக்கு வரும். அதுவரை நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பது என் பழக்கம். மூன்று டப்பாக்களில் எலுமிச்சை சாதம் வைத்துவிட்டு, மூன்றாவது டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். அவள் எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அவள் நாட்டின் பெயரையும் எழுதமாட்டேன். சொல்லக்கூடாததைச் சொல்லி நான் பட்டது போதும்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், தேர்வுப் பிரிவில், பதினோரு வருடம் வேலை பார்த்தேன். என் மகள் அங்கேயே மூன்றாம் வருடம் படித்தாள். இந்தப் பெண் அவளுடைய வகுப்பு. கடல் தாண்டி ஏதோ ஒரு சின்ன நாட்டிலிருந்து வந்திருந்தாள். அங்கே இன்னமும் அரசர்தான். அவர் கொடுக்கும் உதவித்தொகையில் நாற்பது பேர் எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் சனிக்கிழமைகளில் இவள் எங்கள் வீட்டுக்கு வருவாள், திங்கட்கிழமை எங்களோடு பேருந்தில் திரும்புவாள். ஒரு வருடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். என் மகள் கூப்பிடுவதைவிட அது மரியாதையாக இருக்கும்.

"என்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

அவளுடைய அம்மா அரண்மனையில் படுக்கை விரிப்புகளை மாற்றும் வேலையில் இருந்தார். போனில் அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். இன்று காலை பெரிய அறையில் விரிப்பு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஊர்க்கதை ஏதோ பேசினாராம். மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக, "அம்மா, எங்க ராஜா போயிட்டார்" என்றாள். சொன்ன உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவர்கள் வழக்கத்தை அப்புறம்தான் விளக்கினாள். அரசர் இறந்தால், அரச குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்து அரண்மனை முற்றத்தில் அறிவிக்கும்வரை யாரும் அதை வாயால் சொல்லக்கூடாது. இரண்டு நாள் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம். யாராவது விசாரித்தால் அரசருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அழக்கூடாது, கறுப்பு உடுத்தக்கூடாது, வேலையை நிறுத்தக்கூடாது. முந்திக்கொண்டு சொல்கிறவன் அந்தச் சாவை விரும்பியவன். அவர்கள் கணக்கு அப்படி.

"நான் யார்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது. உங்ககிட்ட சொல்லிட்டேன். ப்ளீஸ் அம்மா."

"என் வாயிலிருந்து வராதும்மா" என்றேன். அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். என் மகள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் வேலைக்கு எப்போதோ போயிருந்தார். ஆகவே அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்து படித்தாள். பத்து மணிக்கு அவர்களுக்கு இன்டர்னல் தேர்வு. இருபது மதிப்பெண். அவள் உதடு அசைவதை முன் இருக்கையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். துக்க வீட்டுப் பெண் ஒருத்தி, அழவும் வழியில்லாமல், பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வருகிறாள். எனக்கு அது தாங்கவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மாமனார் காவேரிப்பட்டினத்தில் இறந்தபோது, வேப்பனப்பள்ளியில் இருந்த என் பெரிய நாத்தனார் வீட்டுக்கு யாரும் போன் செய்யவில்லை. ஒருவர் சொல்லியிருப்பார் என்று இன்னொருவர் நினைத்துவிட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது எடுத்தாகிவிட்டது. பதினான்கு வருடம் ஆகிறது, இன்றுவரை அந்தக் குடும்பம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் மகளின் சடங்குக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வகையறாவில் யார் போனாலும் போன் செய்வது என் பொறுப்பு என்றாகிவிட்டது. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, யாருக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருவர் செத்த செய்தியை மூடி வைப்பது பாவம் என்று என் உடம்பே நம்பிப்போயிருந்தது.

எங்கள் பிரிவில் மறுதேர்வுப் படிவம் என்று ஒன்று உண்டு. மாணவர் மருத்துவமனையில் கிடந்தாலோ, வீட்டில் யாராவது இறந்திருந்தாலோ, அவர் சார்பாக நாங்களே நிரப்பிவிடுவோம். எல்லா வருடமும் அப்படித்தான். ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு படிவத்தை எடுத்தேன். அவள் பெயர், வரிசை எண், பாடம். காரணம் என்ற இடத்தில் 'எங்கள் நாட்டு அரசரின் மறைவு' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மாணவர் கையொப்பம் என்ற இடத்தில், வழக்கம்போல, அவள் பெயரையே என் கையால் எழுதினேன். அதில் பதிவாளர் கையெழுத்து வேண்டும். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அவளுக்காகத்தான் போனேன். ஆனால் படியேறும்போது என் நடையில் ஒரு வேகம் இருந்தது. இவ்வளவு பெரிய செய்தி இந்த வளாகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற வேகம். அதையும் எழுதாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

"சார், இது வெளிய தெரியக்கூடாதுங்க. அவங்க வழக்கத்துல இன்னும் அறிவிக்கல" என்றேன்.

பதிவாளர் படிவத்தை இரண்டு முறை படித்தார். "அட, இது நமக்குத் தெரியாதாங்க மேடம்? நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். படிவத்தைத் திருப்பித் தரவில்லை. நான் கதவைச் சாத்தும்போது அவர் தொலைபேசியை எடுப்பது தெரிந்தது.

பத்து மணிக்கு அந்தப் பெண் தேர்வு அறைக்குப் போய், உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு வந்தாள். என் படிவத்துக்கு வேலையே இருக்கவில்லை.

எங்கள் தாளாளர் காரியத்தில் வேகமானவர். வெளிநாட்டு மாணவர்கள் அவருடைய பெருமை. விளம்பரப் பலகைகளில் எல்லாம் அவர்கள் முகம்தான். அவர் பதிவாளரிடம் சொன்னதை அறையில் இருந்த ஓட்டுநர் பிறகு எனக்குச் சொன்னார். "நாப்பது பிள்ளைங்களுக்கு ராஜா போயிட்டாரு. நாம கம்முனு இருந்தா நல்லாவா இருக்கும்? ஓசூருக்கு ஆள அனுப்பு. பெருசா ஒண்ணு அடிச்சிட்டு வரச் சொல்லு."

பதினொன்றரை மணிக்கு ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. நம் ஊரில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இரண்டு மூங்கில்களில் கட்டினார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி. ஒரு பக்கம் கைகூப்பிய தாளாளர், மறுபக்கம் அரசர், இருவருக்கும் நடுவே கீழே ஒரு குத்துவிளக்கு. தாளாளரின் படம் அரசரின் படத்தைவிடப் பெரியது. அரசரின் படத்தை இணையத்தில் யாரோடோ நின்ற படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். அந்த யாரோவின் விரல்கள் நான்கு அவர் தோளிலேயே இருந்தன. அதன்மேல் மாலையை வரைந்து சரிக்கட்டப் பார்த்திருந்தார்கள், முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எல்லாத் துறைகளையும் மைதானத்துக்கு வரச் சொல்லி மணி அடித்தார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. நான் தேர்வுப் பிரிவின் ஜன்னலில் நின்று அந்தப் பலகையைப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற சக ஊழியர், "யாருக்கா இவரு? புது டைரக்டரா?" என்று கேட்டார். அதற்குள் கண்ணீர் அஞ்சலி என்பதைப் படித்துவிட்டு, "அய்யய்யோ" என்றார்.

அவளைத் தவிர மற்ற முப்பத்தொன்பது பேரும் தங்கள் அரசரின் சாவைத் தெரிந்துகொண்டது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். வகுப்பிலிருந்து வரிசையாக வந்தவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். முன்னால் போகவில்லை. தாளாளர் மைக்கில் பேசத் தொடங்கினார். தொலைதூர நாட்டின் துயரம் நம் துயரம் என்றார். இரண்டு நிமிட மௌனம் என்றார். விளம்பரப் பிரிவுக்காரர்கள் படம் பிடித்தார்கள்.

மௌனம் முடியும் முன்பே, அவர்களில் மூத்தவன், முப்பது வயதுக்கு மேல் இருக்கும் ஆராய்ச்சி மாணவன், மேடைக்கு நடந்து வந்தான். மைக்கைக் கேட்டு வாங்கினான். நன்றி சொல்லப்போகிறான் என்று தாளாளர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எங்கள் அரசர் நலமாக இருக்கிறார்" என்றான் ஆங்கிலத்தில். "அவருக்குச் சளி பிடித்திருக்கிறது."

நம் பிள்ளைகள் முதலில் புரியாமல் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் எவனோ ஒருவன், "தைலம் தேச்சு விடுங்கடா!" என்று கத்தினான். மைதானம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓயும்வரை அவன் மேடையில் நின்றான். பிறகு இறங்கிப் போய்த் தன் ஆட்களோடு நின்றுகொண்டான். நாற்பது பேரும், யாரும் சைகை காட்டாமலே, ஒரே நேரத்தில் திரும்பி மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அந்தப் பெண்ணும் அந்த வரிசையில் நின்றாள்.

"நம்ம காசுல மரியாதை செஞ்சா முதுக காட்டறானுங்க பாரு!" தாளாளர் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அதன் பிறகு அவர்கள் பலகையை அவிழ்த்தார்கள். கிழிக்கவில்லை, நான் பார்த்தேன். கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அரசரின் முகத்தில் மடிப்பு விழாதபடி உள்பக்கமாகச் சுருட்டி, நான்கு பேர் தோளில் வைத்து விடுதிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் வாசலுக்கு வெளியே டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி, வெளிநாட்டுக்காரனுங்க தாளாளர் படத்தைக் கிழித்துவிட்டார்கள் என்பது. ஒரு மணிக்குள் வெளிக்கதவுக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சுற்றுக் கிராமத்து இளைஞர்கள், ஷிஃப்ட் முடிந்து போகிற கம்பெனிப் பையன்கள், காரணமே தெரியாமல் வண்டியை நிறுத்தியவர்கள். "எங்க ஊரு சோத்தத் தின்னுக்கினு எங்க ஊரு பேனரையே கிழிப்பீங்களாடா? வெளிய வாங்கடா!" காவலாளி கதவைப் பூட்டினார். கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், தமிழில் பலர். திட்டுவதற்கு எந்த மொழியும் குறைவைக்கவில்லை.

இரண்டரை மணிக்கு என் மகள் தேர்வுப் பிரிவின் படிக்கட்டில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. என்னை வெளியே கூப்பிட்டாள்.

"யாரும்மா சொன்னது?"

"எனக்கெப்படிடீ தெரியும்?"

"மௌனம் பண்ண வீடியோவ நம்ம ஆளுங்க போட்டுட்டாங்க. அவங்க நாட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க. டெல்லியிலிருந்து அவங்க அதிகாரி கூப்பிட்டாங்களாம், ஸ்காலர்ஷிப்பப் பாத்துக்கறவங்க. நாளைக்கு வர்றாங்க. யாரு சொன்னதுன்னு தெரிஞ்சா அடுத்த ஃப்ளைட்ல ஊருக்கு அனுப்பிடுவாங்க. படிப்பு அதோட முடிஞ்சுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாப்பது பேருல அரண்மனையில அம்மா இருக்கறது இவ ஒருத்திக்குத்தான். அதனால இவதான்னு முடிவு பண்ணிட்டாங்க. அவகிட்ட யாரும் பேசமாட்டேங்கறாங்க. அவகூட நானும் போனேன். கதவ மூஞ்சில அடிச்சுச் சாத்தறாங்க."

"அவ என்ன சொல்றா?"

"எதுவும் சொல்லல. நம்ம வீட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. அம்மா, நீ சொன்னியா?"

என் மகள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவளே வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பா."

அன்று நான் செய்த தவறுகளில் படிவம் சின்னது. இதுதான் பெரியது. என் மகள் தலையை ஆட்டினாள். நம்பினாளா, இல்லை நம்பாமல் ஆட்டினாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்று மாலை அந்தப் பெண் எங்களோடு வரவில்லை. வீட்டில் காலையில் மூடி கிடைக்காமல் விட்டுப்போன மூன்றாவது டப்பா மேடைமேல் அப்படியே இருந்தது. சாதம் கெட்டுப்போயிருந்தது. கணவர் வந்ததும் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே என்னைத்தான் பார்த்தார்.

"உன் அம்மாவா? சொல்லாம இருப்பாளா? எதிர்வீட்டுல கேஸ் தீந்துபோனாக்கூட நாலு தெருவுக்கு இவதான் தாக்கல் சொல்றவ."

"விளையாடாதீங்கப்பா."

"நான் எங்கடா விளையாடறேன்? அவ மூஞ்சப் பாரு."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவள் சாப்பிடாமலே எழுந்து போனாள். அதன் பிறகு அவர் கேலியை விட்டுவிட்டார். அடுப்படிக்கு வந்து, தாழ்ந்த குரலில், "அந்தப் பிள்ள மூணு வருஷம் படிச்சிருக்குதுடீ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை பேருந்திலிருந்து இறங்கியபோது, விடுதிக்கு முன்னால் அவர்கள் கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று கண்ணைக் குத்தும் சட்டைகள். சத்தம் போட்டுச் சிரித்தார்கள். "ராஜா செத்ததுக்கு ஒருநாள் கூட தாங்கல பாரு, ஆட்டம் போடறானுங்க" என்றார் என்னோடு இறங்கிய ஒருவர். எனக்கு மட்டும் தெரிந்தது. அரசருக்குச் சளிதான் என்றால், அவர்கள் விளையாடித்தான் ஆக வேண்டும். ஒருவன் பந்தை அடித்துவிட்டுத் திரும்பும்போது முகம் கோணியது, அடுத்த நொடியில் மறுபடி சிரித்தான். யாரும் புள்ளிகளை எண்ணவில்லை. அந்தப் பெண் எல்லைக்கோட்டுக்கு அருகில், சிவப்புச் சட்டையில், விளையாட்டுக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். பந்து அவளிடம் ஒருமுறைகூடப் போகவில்லை.

நேராகப் பதிவாளர் அறைக்குப் போனேன்.

"சார், நான் சொன்னேன்னு நீங்க அந்த அதிகாரிகிட்ட சொல்லிடுங்க. அந்தப் பொண்ணுக்கு இதுல சம்பந்தமில்ல."

"நீங்க என்னங்க சொன்னீங்க? நீங்க ஒண்ணும் சொல்லலியே." அவர் மேசையின் இழுப்பறையைத் திறந்து என் படிவத்தை எடுத்துக் காட்டினார். "அந்தப் பொண்ணே எழுதிக் கொடுத்துருக்குது. கையெழுத்துப் போட்டிருக்குது. அதப் பாத்துதான நாங்க அஞ்சலி வெச்சோம்? நிர்வாகத்து மேல தப்பில்ல."

"அது என் கையெழுத்துங்க சார்!"

"அப்ப ஒரு மாணவியோட கையெழுத்த நீங்க போட்டீங்களா? தேர்வுப் பிரிவுல இருந்துக்கினு?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், உங்க பொண்ணு இங்கதான படிக்குது? இன்னும் ஒரு வருஷம் இருக்குதில்ல? போய் வேலையப் பாருங்க."

பதினோரு வருடம் எல்லா மாணவர்களுக்காகவும் போட்ட கையெழுத்து. அதை நிர்வாகமே சொல்லித்தான் போட்டோம். நாற்காலிக்குத் திரும்பினேன். அன்று முழுவதும் ஒரு விடைத்தாள் கட்டைக்கூட என்னால் சரியாகக் கட்ட முடியவில்லை. ஒரு பக்கம் என் மகளின் ஒரு வருடம், மறுபக்கம் அந்தப் பெண்ணின் மூன்று வருடம். ஒரு தாய் இதில் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் மத்தியானம் வரை அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் வந்தாள். இந்த முறை உள்ளே வந்தாள். என் மேசைமேல் ஒரு மறுதேர்வுப் படிவத்தை வைத்தாள். நிரப்பாத வெற்றுப் படிவம்.

"இதுதான? பதிவாளர் ரூம் அட்டெண்டர் சொன்னார். ஏதோ படிவம் அவ கொடுத்தான்னு பேசிக்கறாங்களாம். அவ படிவமே கொடுக்கல, அவ பரீட்ச எழுதிட்டா. அப்ப இத யாரு எழுதறது?"

நான் படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"எனக்காக வாய மூடிக்கினு இருக்காத" என்றாள். "அப்புறம் ஆயுசுக்கும் நான் உன்கிட்ட எதுவும் சொல்லமாட்டேன்."

அவள் போன பிறகும் அந்தப் படிவம் மேசையில் கிடந்தது.

அதிகாரி பெங்களூர் விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்துகொண்டிருப்பதாகவும், அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவில்லை என்றும் மூன்று மணிக்குச் சொன்னார்கள். நான்கு இருபதுக்கு வண்டி உள்ளே வந்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி. உயரமில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூப்போட்ட உடை, கையில் ஒரு சின்னப் பை. தாளாளர் சால்வையோடு படியிறங்கிப் போனார். அந்த அம்மாள் சால்வையைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

கூட்ட அறையில் தாளாளர், பதிவாளர், அந்த மூத்த மாணவன், அந்தப் பெண். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கதவைத் தட்டாமல் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். பதிவாளர் கண்ணாலேயே வெளியே போகச் சொன்னார். தாளாளர் பேசிக்கொண்டிருந்ததால் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

"மேன்மை தங்கிய அரசரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த..." என்று தாளாளர் தொடங்கினார்.

"அரசருக்குச் சளி பிடித்திருக்கிறது" என்றார் அந்த அம்மாள்.

தாளாளர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் என் படிவத்தை மேசைமேல் தள்ளினார். "இந்த மாணவி எழுத்துமூலமாகத் தெரிவித்ததால்தான் நிர்வாகம் செயல்பட்டது" என்றார். அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் படிவத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். அது அவள் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். யாருடையது என்றும் தெரிந்திருக்கும், எத்தனை சனிக்கிழமைகளில் என் மளிகைப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். வாய் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இது நான் எழுதினது" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், தப்பும் தவறுமாக. "கையெழுத்தும் நான் போட்டது. சொல்லாதேன்னு அவ என்கிட்ட கேட்டுக்கினா. சொல்லமாட்டேன்னு அவ தலையில கைவெச்சுச் சொல்லிட்டு, வந்து சொன்னேன்."

"மேடம்!" என்றார் பதிவாளர்.

அந்த அம்மாள் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். பதிவாளர் நிறுத்திக்கொண்டார். "ஏன்?" என்று என்னைக் கேட்டார்.

"அன்னைக்கு அவளுக்குத் தேர்வு இருந்துச்சு. துக்கத்துல எப்படி எழுதுவான்னு..."

"எத்தனை மதிப்பெண்?"

"இருபது."

அவர் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்திலேயே கேட்டார். "எழுதினாயா?"

"எழுதினேன்" என்றாள் அவள்.

"ஆனால் முதலில் நீ இவரிடம் சொன்னாய்."

"சொன்னேன்."

அந்த அம்மாள் படிவத்தை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். என்னிடம் கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் என்னை அதற்குமேல் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, எங்களுக்கும் கேட்க வேண்டும் என்றே, மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்:

"உன் இடம் போகவில்லை. இங்கேயே இரு, படிப்பை முடி. வரும் வழியில் உன் அம்மாவிடம் பேசினேன். இனிமேல் உங்கள் வீட்டில் யாருக்கு எது நடந்தாலும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். படிப்பு முடிந்து ஊருக்கு வருவாய் அல்லவா, அன்று வாசலில் நின்று யார் யார் இருக்கிறார்கள் என்று நீயே எண்ணிக்கொள்."